விண்வெளிக்குப் போன பள்ளிக்கூடக் கேள்விகள்

(எமது சங்கத்தின் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விண்வெளியைப் பற்றிக் கதைக்க ஒரு பாக்டரிக்காரிக்கு என்ன தகுதி என்று சிலர் யோசிப்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் ஊரிலே உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தனான். அதுக்கு மேலே படிக்கக் கிடைக்கவில்லை. இங்கே எர்லாங்கனுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஷிப்ற்றிலும் மாறிமாறி வேலை செய்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போகிற கதைகளில் வருகிறவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள். பதின்மூன்று, பதினேழு வயதில் ஒரு கேள்வியைக் கேட்டு, அந்தக் கேள்வியை றொக்கற்றில் ஏற்றி அனுப்பியவர்கள். அவர்களிடம் ஒருவரும் தகுதி கேட்கவில்லை. கேள்வி நல்லதோ என்றுதான் பார்த்தார்கள்.

கடைசியில் சங்கத்திடம் ஒரு விஷயம் கேட்கப் போகிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுமையாக இருங்கோ.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் மிதக்கினம் என்று எல்லாரும் சொல்லுவினம். அது சரியில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு இங்கே இருக்கிறதில் 90 வீதம் அளவுக்கு இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கினம்? அவர்கள் விழுந்துகொண்டே இருக்கினம். மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டு விழுகிறபடியால் தரையில் வந்து அடிபடாமல் பூமியைச் சுற்றி விழுகினம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டை போடுங்கோ. தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றினால் ஓட்டையால் தண்ணீர் ஓடும். இப்போது போத்தலை மாடிப்படியில் நின்று கீழே விடுங்கோ. விழுகிற நேரத்தில் தண்ணீர் ஓடாது. போத்தலும் தண்ணீரும் ஒன்றாக விழுகிறபடியால் தண்ணீருக்கு போத்தலை அழுத்துகிற பாரம் இல்லை. அந்த ஒரு செக்கனுக்கு உங்கள் போத்தல் விண்வெளியில் இருக்கிறது. பிறேமன் நகரில் 146 மீற்றர் உயரமான ஒரு கோபுரம் கட்டி வைத்திருக்கினம். உள்ளே காற்றை எடுத்துவிட்டுப் பரிசோதனைப் பெட்டியை விழவிடுவினம். அதில் கிடைப்பது 4.7 செக்கன். அந்த நாலரைச் செக்கனுக்காக உலகம் முழுவதிலும் இருந்து ஆய்வாளர்கள் வருகினம். எங்கள் மாடிப்படிப் போத்தலும் அந்தக் கோபுரமும் ஒரே தத்துவம்தான்.

பாரம் இல்லாவிட்டால் என்னென்ன மாறும்? சூடான காற்று மேலே எழும்பாது. அதனால் மெழுகுதிரிச் சுவாலை நீளமாக நிற்காமல் உருண்டையாக, நீல நிறமாக நிற்கும். வேருக்குக் கீழ்ப்பக்கம் எது என்று தெரியாது. எண்ணெயும் தண்ணீரும் பாரத்தால் மேல் கீழாகப் பிரியாது. பூமியில் எப்பவும் இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது எப்படி நடக்கும் என்று பார்க்கிற இடம் அது.

இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விட்டால் என்ன என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையத்துக்காக நாசா நடத்திய போட்டிக்கு 3400க்கு மேற்பட்ட யோசனைகள் வந்தன. 25 தெரிவாகின. அதில் ஒன்று மசாசூசெற்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் ஊரைச் சேர்ந்த யூடித் மைல்ஸ் என்ற 17 வயது மாணவியுடையது. அவளின் கேள்வி இதுதான்: பாரம் இல்லாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமோ? சிலந்தி தன் உடற்பாரத்தை வைத்துத்தானே நூலை இழுக்கிறது.

1973 யூலையில் அரபெல்லா, அனிற்றா என்று பெயர் வைத்த இரண்டு சிலந்திகள் மேலே போயின. முதல் நாட்களில் அரபெல்லா பின்னியது கண்டபடி இருந்தது. இரண்டொரு நாள் போனபின் ஒழுங்கான வலை பின்னிவிட்டது. நூல் மட்டும் பூமியில் பின்னியதைவிட மெல்லியதாக, இடத்துக்கிடம் தடிப்பு மாறி இருந்தது. ஓவன் கரியொட் என்ற விண்வெளி வீரர் தன் சாப்பாட்டு இறைச்சியில் ஒரு துண்டை அதற்குக் கொடுத்தாராம். இரண்டு சிலந்திகளும் உயிரோடு திரும்பவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் திரும்பி வந்தது.

அடுத்தது முட்டைக் கதை. இந்தியானா மாநிலத்தில் ஜோன் வெலிஞ்சர் என்ற பெடியன் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு யோசனை சொன்னான். கோழிமுட்டைக்குள்ளே குஞ்சு வளர்வதற்குப் பாரம் தேவையோ? ஊரிலே அடைவைத்த ஆட்களுக்குத் தெரியும், கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். மேலே புரட்டிப் பிரயோசனம் இல்லையே. அந்தப் பெட்டியைச் செய்யக் காசு கொடுத்தது யார் தெரியுமோ? கென்ரக்கி கோழிப்பொரியல் கம்பனி! சிரிக்காதையுங்கோ, உண்மை.

அந்த முட்டைகள் 1986 ஜனவரி 28 அன்று சலஞ்சர் விண்ணோடத்தில் ஏறின. 73 செக்கனில் சலஞ்சர் வெடித்துச் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அதில் கிறிஸ்ரா மக்கோலிஃப் என்ற பள்ளிக்கூட ஆசிரியையும் ஒருவர். ஏழு உயிருக்கு முன்னால் முட்டைப் பெட்டி பெரிதல்ல. ஆனாலும் எட்டாம் வகுப்பில் தொடங்கியவனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கோ. அவன் விடவில்லை. 1989 மார்ச்சில் டிஸ்கவரி விண்ணோடத்தில் 32 முட்டைகள் திரும்பவும் போயின. பாதி, 9 நாள் அடைவைத்தவை. மற்றப் பாதி, 2 நாள் மட்டும் அடைவைத்தவை. ஒன்பது நாள் முட்டைகளிலிருந்து சுகமான குஞ்சுகள் வந்தன. இரண்டு நாள் முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. ஆகவே குஞ்சு வளரத் தொடங்குகிற முதல் நாட்களில்தான் பாரம் முக்கியம் என்று விளங்கியது. அந்தப் பெடியன் பிறகு விண்வெளிப் பரிசோதனைக் கருவிகள் செய்கிற கம்பனி ஒன்றையே ஆரம்பித்தான்.

கல்பனா சாவ்லாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் திரும்பி வரும்போது அழிந்ததில் அவரும் இறந்தார். அந்தக் கலத்துக்குள் ஆறு நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரிசோதனைகளும் இருந்தன. சீனப் பிள்ளைகளின் பட்டுப்புழு, அவுஸ்திரேலியப் பிள்ளைகளின் சிலந்தி, அமெரிக்கப் பிள்ளைகளின் எறும்பு. 2014 ஒக்ரோபர் 28 அன்று அமெரிக்காவின் வலொப்ஸ் தளத்தில் ஒரு றொக்கற் எழும்பிச் சில செக்கனிலேயே வெடித்தது. அதில் 18 மாணவர் பரிசோதனைகள் எரிந்துபோயின. பிள்ளைகள் திரும்பவும் செய்து 2015 ஜனவரியில் இன்னொரு றொக்கற்றில் அனுப்பினார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீடுகளில் ஒரு சோதனையில் புள்ளி குறைந்தால் அன்றைக்குச் செத்தவீடு மாதிரி இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குச் செய்தது முழுக்க எரிந்துபோய், அடுத்த கிழமை திரும்ப மேசையில் இருந்து வேலை தொடங்க வேண்டியிருந்தது. அதுவும் படிப்புத்தான்.

இனி எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வருவோம். கரூர் மாவட்டத்தில் பள்ளப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பெடியன் ரிபாத் சாரூக். அவனும் கூட்டாளிமாரும் சென்னையில் இருக்கிற ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பின் துணையோடு ஒரு சின்னக் கருவி செய்தார்கள். 3.8 சென்ரிமீற்றர் கனசதுரம், 64 கிறாம். ஒரு கோழிமுட்டை அளவு பாரம். அப்துல் கலாம் ஐயாவின் பெயரை வைத்து கலாம்சாற் என்றார்கள். முப்பரிமாண அச்சில், கரியநார் கலந்த பிளாஸ்ரிக்கால் செய்த கூடு. அந்தக் கூடு றொக்கற்றின் அதிர்வையும் குலுக்கலையும் தாங்குமோ என்பதுதான் கேள்வி. பிளாஸ்ரிக் வார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி நல்லாய்ப் பிடித்தது. 2017 யூன் 22 அன்று, அதே வலொப்ஸ் தளத்திலிருந்து நாசாவின் றொக்கற் அதைக் கொண்டுபோனது. அப்போது அவனுக்கு 18 வயது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலகத்தின் ஆகச் சிறிய செய்மதி என்று அன்றைக்குப் பத்திரிகைகள் எழுதின. அது பூமியைச் சுற்றவில்லை. அந்த வகை றொக்கற் விண்வெளியின் ஓரத்துக்கு எழும்பி, சில நிமிஷத்தில் திரும்பி விழும். அதனால் அந்தப் பெடியனின் கெட்டித்தனம் குறையுமோ? குறையாது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே பெருமைப்படப் போதுமானது இருக்கிறது. பூமியைச் சுற்றுகிற பெருமையும் பிறகு வந்தது. 2019 ஜனவரி 24 அன்று அதே அமைப்பின் மாணவர்கள் செய்த இரண்டாவது கலாம்சாற், சிறிகரிக்கோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி44 றொக்கற்றில் போனது. வேலை முடிந்தபின் வீணாகிற றொக்கற்றின் நாலாம் பகுதியையே இருப்பிடமாக வைத்து அது வேலை செய்தது.

அதன்பிறகு பெண்பிள்ளைகள். இந்தியா முழுவதும் 75 பள்ளிக்கூடங்களில் இருந்து 750 பிள்ளைகள் பங்குபற்றிய ஆசாதிசாற். மதுரைப் பக்கம் திருமங்கலம் அரசினர் பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2022 ஓகஸ்ட் 7 அன்று இஸ்றோவின் புதிய சிறிய றொக்கற்றின் முதற் பயணத்தில் அனுப்பினார்கள். உணர்கருவி ஒன்றின் பிரச்சினையால் பிழையான பாதையில் விட்டு, எல்லாம் வீணாய்ப் போனது. ஆறு மாதம். 2023 பெப்ரவரி 10 அன்று ஆசாதிசாற் 2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலிருந்தும் இரண்டு இளம் பொறியியலாளர்கள் யப்பானில் கியூசு தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்து செய்த ராவணா 1 என்ற சிறு செய்மதி 2019 யூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

சரி, நாங்கள் இருக்கிற இந்த நாட்டில் என்ன நடக்கிறது? 2018 இல் கூன்செல்சவ் ஊர்க்காரர் அலெக்சாண்டர் கேர்ஸ்ற் விண்வெளி நிலையத்தில் இருந்த காலத்தில், ஜேர்மன் விண்வெளி மையம் நடத்திய போட்டியில் வென்ற மூன்று மாணவர் குழுக்களின் பரிசோதனைகள் அங்கே நடந்தன. ஸ்ருட்கார்ட் மாணவர்களின் யோசனையைக் கேளுங்கோ. பம்புக்குள்ளே சுழலுகிற பாகம் தேயும், உடையும். எங்கள் பாக்டரியில் குளிர்தண்ணிப் பம்ப் நின்றால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். விண்வெளியில் யார் வருவினம்? அதனால் காந்தத்துக்கு இழுபடுகிற ஒரு திரவத்தை மின்காந்தங்களால் நகர்த்தி, சுழலுகிற பாகமே இல்லாத பம்ப் செய்து பார்த்தார்கள். பிராங்போர்ட் மாணவர்களும் டுயிஸ்பேர்க் எசன் மாணவர்களும் கிரகங்கள் உருவாக முன்பு இருந்த தூசி எப்படிச் சேர்ந்தது என்று ஆராய்ந்தார்கள்.

எங்கள் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் யூக்ளீனா என்ற ஒருகல உயிரைக் கனகாலமாக விண்வெளிக்கு அனுப்பி ஆராய்கினம். 2018 டிசம்பரில் போன ஒரு ஜேர்மன் செய்மதியில் அந்த உயிரோடு தக்காளி விதைகளும் போயின. சிறுநீரை உரமாக்கித் தக்காளி வளர்க்கிற திட்டம். மென்பொருள் பிரச்சினையால் அந்தத் தக்காளி முளைக்கவேயில்லை. பெரிய பேராசிரியர்களுக்கும் அப்படித்தான், பிள்ளையளே.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றிலும் நாலு விஷயம் பொது. ஒரு தெளிவான கேள்வி. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஊகம். மேலே போவது போலவே இன்னொன்று அதே நேரத்தில் கீழேயும் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒப்பிடலாம். நாலாவது, நடந்ததை மறைக்காமல் எழுதுகிற கொப்பி. இந்த நாலுக்கும் றொக்கற் தேவையில்லை.

நான் 2008 இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தனான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினபிறகு சாமான் எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. பௌதிகவியல் செய்முறைகளில் கனக்கப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. கையால் செய்த ஒன்று, ஊசல். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஆசிரியரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐம்பது ஆட்டத்தை எண்ணினோம். அதிலிருந்து ஈர்ப்பின் பெறுமானத்தைக் கணக்குப் பார்த்தோம். ஊரடங்குக்கு இடையில் ஒரு கல்லும் நூலும் பூமியின் விசையைச் சொல்லித் தந்தது. அந்த ஊசலை விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? ஆடாது. கல்லை விட்ட இடத்திலே நிற்கும். இதை நான் விளங்கிக்கொண்டது இங்கே வந்து, இரவு ஷிப்ற்றில் மெசினுக்கு முன்னால் நின்று யோசித்தபோதுதான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் ஒரு கல்லும் நூலும் எனக்குப் பாடம் எடுக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு என்பது பெரிய கண்டம். பவாரியாவில் டொச், கணக்கு, பொதுப்பாடம் மூன்றிலும் சராசரி 2.33 வந்தால் கிம்நாசியம், 2.66 வந்தால் றியால்சூல, இல்லாவிட்டால் மிற்றல்சூல. பத்து வயதுப் பிள்ளைக்கு முத்திரை குத்தினது மாதிரி அதுக்குப் பிறகு வீட்டிலே கதைக்கிறோம். மிற்றல்சூலயிலிருந்தும் பத்தாம் வகுப்பு முடித்து மேலே ஏறுகிற வழி இருக்கிறது என்பது வேறு. எனக்குக் கவலை வேறொன்று. டொச் எங்களுக்கு வடிவாகத் தெரியாது என்று சொல்லிப் பிள்ளையின் படிப்பிலிருந்தே நாங்கள் ஒதுங்கி நிற்கிறோம். கொப்பியில் கையெழுத்து வைப்பதோடு எங்கள் வேலை முடிகிறது. போத்தலில் ஓட்டை போட டொச் வேண்டுமோ? "என்ன நடக்குமெண்டு நினைக்கிறாய், ஏன் அப்பிடி நினைக்கிறாய்?" என்று தமிழில் கேட்கலாமே. பிள்ளை பதில் சொல்லத் தமிழும் வளரும்.

இன்னொன்றும் கேளுங்கோ. இந்த நாட்டில் 1965 முதல் யூகென்ட் போர்ஷ்ற் என்று ஒரு இளையோர் ஆய்வுப் போட்டி நடக்கிறது. நாலாம் வகுப்பிலிருந்து 21 வயதுவரை, எந்த வகைப் பள்ளிக்கூடப் பிள்ளையும், தொழிற்பயிற்சி செய்கிற பிள்ளையும் சேரலாம். தனியாகவும் செய்யலாம், மூன்று பேர்வரை சேர்ந்தும் செய்யலாம். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 30 பதிவுக்குக் கடைசி நாள். அதில் ஏழு துறை இருக்கிறது. உயிரியல், பௌதிகம், இரசாயனம், கணக்கு, விண்வெளி, தொழில்நுட்பம். ஏழாவது என்ன தெரியுமோ? வேலை உலகம். வேலை செய்கிற இடத்தில் முதுகு நோகாமல், கை வெட்டுப்படாமல் வேலையை எப்படிச் செய்யலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு ஒரு தனித்துறை.

பாத்திரம் கழுவுகிற அப்பா, முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்துகிற அம்மா, பெட்டி அடுக்குகிற மாமா, இவர்களிடம் இல்லாத கேள்வியோ? எங்கள் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. ஆனால் அது ஒரு பிள்ளைக்கு ஆய்வாக வரும். வைத்தியர் வீட்டுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வி இருக்காது.

ஆகவே சங்கத்திடம் எனது வேண்டுகோள் இதுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதத்துக்கு ஒரு நாள், கடைசி ஒரு மணித்தியாலத்தைப் பரிசோதனைக்கு விடுங்கோ. அந்த நேரத்தில் கணக்கு ரியூசன் வைத்தால் பிரயோசனம் என்று சில பெற்றோர் சொல்லுகினம். அவர்களின் பயம் எனக்கும் விளங்குது, எனக்கும் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பில் படிக்குது. ரியூசனை நிப்பாட்டச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு மணித்தியாலம்தான் கேட்கிறேன். காசும் தேவையில்லை. வெறும் போத்தல், நூல், பயறு, காந்தம், பழைய கொப்பி போதும். பல்கலைக்கழகம் போகிற எங்கள் பெடியள் பெட்டையள் இரண்டு பேர் முறைவைத்து வந்து நின்றால் பெரிய உதவி. ஒவ்வொரு முறையும் ஒரு பெற்றோர் வந்து தன் வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் சொல்லட்டும். முதல் நாளுக்கு நான் வருகிறேன், ஷிப்ற் மாற்றி எடுத்துக்கொண்டு. ஒரு வருஷம் செய்து பார்ப்போம். சரிவராவிட்டால் ஏன் சரிவரவில்லை என்று கொப்பியில் எழுதிவிட்டு நிப்பாட்டுவோம். அதுவும் ஒரு பரிசோதனைதானே.

எங்கள் பிள்ளைகளில் ஒன்று நாளைக்கு விண்வெளிக்குப் பெட்டி அனுப்புமோ இல்லையோ எனக்குத் தெரியாது. அனுப்பாவிட்டாலும் குறையில்லை. ஒன்றைக் கேள்விப்பட்டவுடன் நம்பாமல், செய்து பார்த்துச் சொல்லுகிற பிள்ளையாக வளர்ந்தால் அது எந்த நாட்டிலும், எந்தத் தொழிலிலும் நிமிர்ந்து நிற்கும்.

பிள்ளையளே, வீட்டுக்குப் போய் போத்தலில் ஓட்டை போட முன்பு அம்மாவிடம் கேளுங்கோ. மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் வருகினமோ என்றும் பாருங்கோ!